எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் விழுந்த கோல்

ஹாக்கியில் என்னைக் கோல் காக்க நிறுத்தியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எனக்கு ஓட வராது. இரண்டு, நாங்கள் ஆடிய களம் என் அப்பாவின் கழனி. ஓட வராதவனை வெளியே உட்கார வைக்கலாம். கழனிக்காரர் மகனை எப்படி உட்கார வைப்பது? அதனால் இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே என்னை நிறுத்தினார்கள். வைக்கோல் திணித்த கோணிப்பைகளை இரண்டு காலிலும் கட்டி, அசையாமல் நின்றால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அசையாமல் இருப்பதில் எனக்கு வீட்டிலேயே நல்ல பெயர் இருந்தது.

பாகூருக்குத் தெற்கே, பிரெஞ்சுக்காரன் ஆட்சியும் இங்கிலீஷ்காரன் ஆட்சியும் வரப்புக்கு வரப்பு மாறிக்கொண்டே போகிற இடத்தில் எங்கள் ஊர் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்குப் பதினேழு வயது. அப்பாவுக்கு இரண்டு ஆட்சியிலும் நிலம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு கழனிகள், நடுவில் ஒரு எல்லைக் கல். அறுவடை முடிந்து தரை காய்ந்ததும் வரப்பை வெட்டிச் சமன் செய்து, இரண்டு கழனியையும் ஒன்றாக்கி ஆடுகளம் போட்டோம். கல்லை மட்டும் தொடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அது களத்தின் நட்டநடுவில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஒரு கோல் பிரெஞ்சு இந்தியாவிலும், இன்னொரு கோல் பிரிட்டிஷ் இந்தியாவிலும் இருந்தது. அதில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கல்லைத் தாண்டித்தான் வெளிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

ஹாக்கி எங்களுக்கு விழுப்புரம் ரயில்வே காலனியிலிருந்து வந்தது. என் மாமா மகன் அங்கே உறவுக்காரர் வீட்டில் நாலு மாதம் தங்கியிருந்துவிட்டு, நாலு பழைய மட்டைகளும் ஒரு பந்தும் பாதி விதிகளும் கொண்டுவந்தான். மீதி விதிகளை நாங்களே போட்டுக்கொண்டோம். மீதி மட்டைகளை வளைந்த கருவேலங் கிளைகளில் செதுக்கிக்கொண்டோம். பந்து கல்லில் பட்டால் இரண்டு ராஜாங்கத்துக்கும் பொது, மறுபடி நடுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் விதிகளில் ஒன்று. மாமா மகன் தன்னைத்தானே கேப்டனாக நியமித்துக்கொண்டான். மட்டை அவனுடையது, எதிர்த்துப் பேச ஆளில்லை.

அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் ஏழு ஊர்கள் பந்தயம் வைத்திருந்தன. எல்லா ஊரும் எல்லா ஊரோடும் ஒருமுறை ஆட வேண்டும். முதல் நாலு இடத்தில் வருகிறவர்கள் ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுத் தேசியப் பண்டிகைக்குப் புதுச்சேரிக்குப் போய், கடற்கரைக்குப் பக்கத்து மைதானத்தில் ஆடலாம். பேண்டு வாத்தியம் இருக்கும், மேர் என்கிற நகரத் தலைவர் வருவார், பெரிய துரைகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கேப்டனுக்கு அந்த நாற்காலிகள் முக்கியம். எனக்கு, ஆடுகிறவர்களுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டது முக்கியம்.

எங்களில் உண்மையாகவே அங்கே போயாக வேண்டியவன் ஒருவன்தான். இடது ஓரத்தில் ஆடியவன். சேரிக்காரன், எங்கள் வீட்டுப் பண்ணையாள், என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் அப்பாவும் எங்கள் ஏரைத்தான் பிடித்தார், தாத்தாவும் அதே. காலையில் எங்கள் கழனியில் வேலை, சாயங்காலம் அதே கழனியில் ஆட்டம். எங்கள் பதினோரு பேரில் ஹாக்கி ஆடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்ல வாய் வரவில்லை.

வில்லியனூரில் நாங்கள் ஆடித் தோற்ற அன்றைக்குப் புதுச்சேரி ஆலை ஒன்றிலிருந்து ஒரு மேஸ்திரி வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஆலைக்குச் சொந்தமாக ஹாக்கி அணி உண்டு. அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, அவனை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். பண்டிகையன்று ஆலைத் துரை மைதானத்துக்கு வருவார், அவர் கண் முன்னால் ஆடிக் காட்டினால் அணியிலும் இடம், தறிக்கூடத்திலும் வேலை, குடியிருக்க லைன் வீடும் உண்டு என்றார். துரை பாகூருக்கெல்லாம் வரமாட்டார், நீதான் அங்கே வந்து சேர வேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பி நடந்து வரும்போது அவன் என்னிடம் மட்டும் சொன்னான். "நாலுல ஒண்ணா வந்துட்டா போதும், சின்ன ஆண்டே. அதுக்கு மேல எந்த சாமிகிட்டயும் எனக்குக் கோரிக்க இல்ல."

எஜமானைக் கூப்பிடுகிற இந்த ஆண்டே என்பதுதான் எங்கள் அணியின் பெரிய தொல்லை. அவனுக்குப் பந்து வேண்டுமென்றால் "லெஃப்டு" என்று கத்தினால் போதும். அவனோ அப்பா வரப்பில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "சின்ன ஆண்டே, கொஞ்சம் இந்தாண்ட தள்ளி உடுங்க" என்பான். மரியாதை முடிவதற்குள் பந்து எதிராளியிடம் போயிருக்கும். ஆட்டத்தில் ஆண்டேயும் கூடாது, வாங்க போங்கவும் கூடாது என்று கேப்டன் உத்தரவு போட்டான். அவன் தலையை ஆட்டிவிட்டு, "சரிங்க ஆண்டே" என்றான். கடைசியில் வாயே திறக்க வேண்டாம், சீழ்க்கை அடி என்று முடிவு செய்தோம். அதற்குப் பிறகுதான் நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். முதல் மூன்று ஆட்டத்தில் தோற்றதற்கு எங்கள் சாதிப் பெருமைதான் காரணம் என்று இதிலிருந்து யாரும் புரிந்துகொள்ளவில்லை. மட்டை சரியில்லை என்றே பேசிக்கொண்டோம்.

மிச்சம் மூன்று ஆட்டங்கள். இரண்டில் ஜெயித்து, கடைசியில் தோற்காமல் இருந்தால் நாலாவது இடம். தவளக்குப்பத்தாரை அவர்கள் ஊரிலேயே மூன்றுக்கு ஒன்று என்று அடித்தோம். மூன்றும் அவன் போட்டது. அரியூர் ஆட்டத்தில் அவன் போட்டது ஒன்று, அரியூர்க்காரர்களே தங்கள் கோலுக்குள் தள்ளிக்கொண்டது ஒன்று. இந்த இரண்டாவதற்கும் கேப்டன் தன் ராஜதந்திரமே காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு அந்த இரண்டு ஆட்டத்திலும் வேலை அதிகம் இல்லை. கம்பில் சாய்ந்துகொண்டு ரொட்டியைப் பற்றி யோசித்தேன்.

கடைசி ஆட்டம் கரிக்கலாம்பாக்கத்தாரோடு, எங்கள் கழனியில். ஆனி மாதக் கடைசி. மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. ஒரு நல்ல மழை பெய்தால் அப்பா ஏர் பூட்டிவிடுவார், அப்புறம் ஹாக்கியாவது ஒன்றாவது.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆலை விஷயம் அப்பாவின் காதுக்கு எட்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, மிகவும் சாவகாசமாகச் சொன்னார். "போறவன் போவட்டும், நான் இன்னா கயிறு போட்டா கட்டி வெச்சிருக்கேன். ஆனா அவன் போயிட்டா ஏரு யாரு புடிப்பா? நீதான் புடிக்கணும். ஒடம்பும் கொறையும்."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு கையைக் கழுவும்போது என் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டேன். வாழைக்குருத்து மாதிரி இருந்தன. ஆடி மாதச் சேற்றில் மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க நடப்பதை நினைத்தபோது எனக்குப் பயம் வந்தது. இதை ஒளித்து என்ன பயன்? நினைத்தேன், பயந்தேன்.

இனி நடுவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாக்கியில் நடுவர் இரண்டு பேர், ஆளுக்குப் பாதிக் களம். எங்களுக்கு அது தெய்வாதீனமாக அமைந்திருந்தது. பிரெஞ்சுப் பாதிக்கு கொம்யூன் என்கிற ஊராட்சிப் போலீஸ்காரர் ஒருவர், சிவப்புத் தொப்பியும் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையுமாக வருவார். கோல் விழுந்தால் கோல் என்று சொல்ல மாட்டார், பிரெஞ்சில் "ப்யூத்" என்பார். பிரிட்டிஷ் பாதிக்கு அந்தப் பக்கத்து ஊர்த் தலையாரி. போலீஸ்காரர் உடுப்போடு கல்லைத் தாண்ட மாட்டார். அவருக்கு முன்னால் இருந்த ஒருவர் ஆட்டுத் திருடனைத் துரத்திக்கொண்டு இரண்டு கழனி தாண்டிப் போய்விட்டாராம். அதற்காக இரண்டு ராஜாங்கமும் கடிதம் எழுதிக்கொண்டதில் ஆடு திருடியவனுக்கே பேரன் பிறந்துவிட்டான் என்று சொல்வார்கள். துரத்திய போலீஸ்காரரைத் தூக்கிக் காரைக்காலுக்குப் போட்டார்கள்.

கரிக்கலாம்பாக்கத்தார் வந்து, ஊரே கூடி, மட்டைகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றபோது தலையாரி வரவில்லை. அவர் ஊரில் ஜமாபந்தி, தாசில்தார் முகாம், தலையாரி நகர முடியாது என்று ஆள் வந்து சொன்னான். மழை இன்றோ நாளையோ. ஆட்டத்தைத் தள்ளிப்போட வழியில்லை. போலீஸ்காரர் ஒருவரே இரண்டு பாதியையும் பார்ப்பதென்று முடிவாயிற்று.

முதலில் அவர் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அந்தப் பாதியைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். முதல் பாதியில் நாங்கள் பிரெஞ்சுக் கோலைக் காத்தோம். இடது ஓரத்துக்காரன் சீழ்க்கை அடித்தான், பந்து வந்தது. அதை வாங்கிக்கொண்டு மூன்று பேரைத் தாண்டி அவன் அடித்த அடியில் அது கம்புகளுக்கு நடுவே போய், பிரிட்டிஷ் இந்தியாவில் மேய்ந்துகொண்டிருந்த எருமையின் மேல் பட்டது. "ப்யூத்" என்றார் போலீஸ்காரர். அவ்வளவு தூரத்திலிருந்து உமக்கு என்ன தெரிந்தது என்று கரிக்கலாம்பாக்கத்தார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எருமையைக் காட்டிச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. உடுப்புதானே தாண்டக் கூடாது, நான் தாண்டலாம் அல்லவா என்றார். அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இந்த வயதிலும் சிரிப்பு வருகிறது. பந்து கல்லைத் தாண்டியதும் தொப்பியைக் கழற்றிக் கல்லின் மேல் வைப்பார், இடுப்பு வாரை அவிழ்ப்பார், பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையை மடித்துப் போடுவார், பனியனும் வழுக்கையுமாக ஓடுவார். பந்து திரும்பி வந்தால் அவரும் திரும்பி வந்து எல்லாவற்றையும் மாட்டுவார். பனியனோடு பிரெஞ்சுப் பக்கம் ஊதினால் செல்லாது என்று இரண்டு அணிகளுமே பிடிவாதம் பிடித்தோம். சட்டைக்கு எட்டுப் பொத்தான்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

இடைவேளைக்கு முன்னால் கரிக்கலாம்பாக்கத்தார் ஒன்று போட்டார்கள். அது பிரெஞ்சுப் பக்கம், அவர் முழு உடுப்பில் இருந்தார், தகராறு இல்லை. ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தால் எங்களுக்குப் போதும். பக்கம் மாறினோம், நான் பிரிட்டிஷ் கோலுக்குப் போனேன். போகிற வழியில் இடது ஓரத்துக்காரன் என் கோணிப்பைக் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினான். இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுத் தன் ஓரத்துக்கு ஓடினான்.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது பந்து அவர்கள் கோலின் பக்கம் இருந்தது. அவர்களில் ஒருவன் தன் பலத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி அடித்தான். பந்து எல்லார் தலைக்கும் மேலாகப் பறந்து, கல்லைத் தாண்டி என்னை நோக்கி வந்தது, பின்னாலேயே அவர்கள் ஆள் இரண்டு பேர். போலீஸ்காரர் கல்லருகே வந்து தொப்பியை வைத்தார், வாரை அவிழ்த்தார். மூன்றாவது பொத்தானில் இருக்கும்போது அவர்களில் ஒருவன் அடித்துவிட்டான். பந்து என் இடது காலில் பட்டது, கோணிப்பை கிழிந்தது, வைக்கோல் பறந்தது. அந்த வைக்கோலுக்குள்ளேயே பந்து உருண்டு, சாம்பலால் போட்டிருந்த கோட்டைத் தாண்டி ஒரு சாண் உள்ளே போய் நின்றது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அதன் மேலேயே மல்லாந்து விழுந்தேன். கேப்டன் ஓடி வந்து என்னைப் புரட்டி, பந்தை எடுத்துக் களத்துக்குள் வீசிவிட்டான். நான் விழுந்த இடத்தில் கோடும் கிடையாது, சாம்பலும் கிடையாது. எல்லாம் என் முதுகில் இருந்தது.

அவர்கள் கோல் என்றார்கள், எங்கள் ஆட்கள் இல்லை என்றார்கள். பனியனோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்த போலீஸ்காரர் எதையுமே பார்த்திருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழியை அவர் எடுத்தார். சாட்சி விசாரிப்பது. பந்துக்கு மிக அருகில் இருந்தவன் நான். வாயைத் திறக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார்.

"இங்க நான் யாரும் இல்ல. கல்லுக்கு அந்தாண்ட வந்து சொல்லு" என்றார்.

என்னைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார்கள். ஊரே பின்னால் வந்தது. அவர் சட்டையை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு, எட்டுப் பொத்தான்களையும் நிதானமாகப் போட்டார், வாரை இறுக்கினார், தொப்பியை வைத்தார், சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். இவ்வளவும் முடிய நேரம் பிடித்தது. அந்த நேரம் இல்லாமல் இருந்திருந்தால், களத்திலேயே, ஆத்திரத்திலேயே, "உள்ள போவல" என்று எல்லாரையும் போலக் கத்தியிருப்பேன். அவர் எனக்கு யோசிக்க எட்டுப் பொத்தான் அளவு நேரம் கொடுத்துவிட்டார்.

சிவப்புத் தொப்பிக்கு முன்னால் பொய் சொன்னால் போலீஸ் கச்சேரிக்கு இழுத்துப்போய்விடுவார்கள் என்று பயம் இருந்தது. ஊர் முழுக்க என் வாயையே பார்ப்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டான் இவன் என்று அவர்கள் பேசப்போவது முன்கூட்டியே காதில் கேட்டது. அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். அவரையும் பார்த்தேன். பார்த்தபோது ஏர்க்காலும் சேறும் ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. இடது ஓரத்துக்காரன் கூட்டத்துக்கு வெளியே, மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை, கேப்டன் வீசிய பந்து கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள போயிடுச்சி" என்றேன்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். பிறகு "ப்யூத்" என்றார். மிச்ச நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கரிக்கலாம்பாக்கத்தார் ஜெயித்தார்கள். ஜெயித்த மகிழ்ச்சியில் என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள், முடியாமல் கீழே வைத்தார்கள். கேப்டன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மற்றபடி ஊரே என்னைக் கொண்டாடியது. பள்ளிக்கூட வாத்தியார் சின்னப் பிள்ளைகளுக்கு என்னை உதாரணமாகச் சொன்னார். யாருக்கும் ஒன்றும் கொடுக்காத அப்பா எனக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார். உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு கிடைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பண்டிகை வந்தது, போனது. கரிக்கலாம்பாக்கத்தார் புதுச்சேரியில் ரொட்டி தின்றதை நாலு ஊருக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்துக்காரன் ஆட்டம் முடிந்த மறுநாள் காலையிலேயே வேலைக்கு வந்துவிட்டான். என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. கண்ணில் படும்போதெல்லாம் ஒதுங்கி வழி விட்டான், எப்போதும் விடுகிறது போலத்தான்.

ஆடி பிறந்ததும் நல்ல மழை. அப்பா ஆடுகளத்திலிருந்து ஏரைத் தொடங்கச் சொன்னார். நான் புதுச் சட்டையோடு வேடிக்கை பார்க்கப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, கால் போயிற்று. அவன் பிரெஞ்சுப் பக்கத்தை முடித்துவிட்டு, கல்லை ஒட்டி மாட்டைத் திருப்பி, மறுபக்கம் உழுது வந்துகொண்டிருந்தான். என் கோல் கம்புகள் இரண்டும் அங்கே இன்னும் நின்றன. ஏரில் மாட்டும், பிடுங்கிப் போடுங்கள் என்றான். ஒன்றைப் பிடுங்கினேன். மற்றது வரவில்லை. அவன் மாட்டை நிறுத்திவிட்டு வந்து ஒரே இழுப்பில் எடுத்துக் கரையில் போட்டான்.

அவன் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று எனக்கு ஆசையாக இருந்தது. வெட்கம் கெட்ட ஆசைதான். நீயே சொல், நான் பொய் சொல்லியிருக்கலாமா என்று கேட்டேன். அவன் கையில் ஒட்டிய சேற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"பொய் சொல்லியிருந்தா உங்களுக்கு இன்னா ஆயிருக்கும், ஆண்டே?" என்றான். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

கச்சேரி, போலீஸ் என்று ஏதோ சொல்லலாம் என்று பார்த்தேன். அவன் முகத்துக்கு நேரே அது வரவில்லை.

"நான் ஏரு புடிச்சிருப்பேன்" என்றேன்.

அவன் என் கைகளைப் பார்த்தான். பிறகு போய் மேழியைப் பிடித்து, மாட்டை ஓட்டினான்.